பெரியதாழையில் நான் ஏறாத லாரி

அருளப்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. என் இராஜபாளையத்துக்கும் உன் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் பஸ்ஸில் அரை மணி நேரம். ஆனாலும் பெரிய விஷயம் என்றால் நீயும் நானும் கடிதம்தான் எழுதிக்கொள்கிறோம். தபால்காரர் வழக்கம்போல, "பக்கத்து ஊர்ல இருந்துக்கிட்டு மகன் எம்புட்டுப் பாசமா எழுதுதான் பாத்தீரா?" என்று கேலி பண்ணியபடி கொடுத்துவிட்டுப் போனார். ஜெசிந்தாவுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது, ஏதோ நல்ல சேதி என்று நினைத்து நின்றபடியே பிரித்தேன். வாசித்து முடித்தபோது வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

பிறக்கிற குழந்தைக்கு உன்னையும் ஜெசிந்தாவையும்போல ஆகாமல் காது கேட்டால், அதற்கு ஒரு வயது நிறைவதற்குள் தூத்துக்குடியிலிருந்து உவரிவரை கடற்கரையோடு தூக்கிக்கொண்டு நடப்பதாக நீங்கள் இருவரும் அந்தோணியாருக்குப் பொருத்தனை வைத்திருக்கிறீர்கள். "நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போன அதே வழி. அதே மாதிரி வெறுங்கால். என்ன வந்தாலும் வண்டி ஏற மாட்டோம். நான் உங்கள் மகன் அல்லவா?" என்று எழுதி அடியில் கோடு போட்டிருக்கிறாய். கடைசியில், "வழி உங்களுக்குத்தான் தெரியும், அப்பா. நீங்களும் வரவேண்டும்" என்று கேட்டிருக்கிறாய். எவ்வளவு சந்தோஷமாக எழுதியிருக்கிறாய்! ஆடிப்பூரத் தேர்க்கூட்டம் கலைந்ததும் நேரில் வந்து பேசுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறாய். நீ வருவதற்கு முன்னால் நான் உனக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமலே செத்துப்போய்விடலாம் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன், அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டாய்.

உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்து கடிதத்தை வாங்கி வாசித்தாள். வாசித்துவிட்டு மடித்து என் மடியில் வைத்தாள். "இப்பவாவது அவன்கிட்டச் சொல்லுவியளா? இல்ல, பேரப்பிள்ளையையும் தூக்கிக் குடுத்துட்டு வாயைப் பொத்திக்கிட்டு இருப்பியளா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கோபம்தான் உனக்குத் தெரியுமே, அது எப்போதும் நான் தப்புச் செய்த இடத்தில்தான் வரும். "சொல்லுதேன், சொல்லுதேன், நீ போ" என்றேன். "பஸ் ஏறிப்போயி நேர்ல சொல்லுங்க" என்றாள். அதுதான் என்னால் முடியாது.

ஏன் முடியாது என்று உனக்குப் புரியும். முப்பது வருஷம் மில்லில் ஸ்பின்னிங் பகுதியில் இருந்தேன். அந்தச் சத்தத்தில் வாயால் பேசிப் பிரயோசனம் இல்லை, எல்லாருமே கையால்தான் பேசுவோம். இரண்டு விரலைச் சேர்த்து வைத்து வெடுக்கென்று பிரித்தால் இழை அறுந்துவிட்டது. கட்டைவிரலை உதட்டில் வைத்தால் டீ. மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார். உனக்குக் காது போனபிறகு எனக்குத் தெரிந்த ஒரே பாஷை அதுதான் என்று அதையே உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். உன் பள்ளிக்கூடத்தில் வேறு சைகை கற்றுக்கொடுத்தார்கள். ஆனாலும் லீவுக்கு வீட்டு வாசலில் கால் வைத்ததும் நீ மில் பாஷைக்கு மாறிவிடுவாய். சாமிக்கு என்ன சைகை என்று நீ கேட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றாமல் மீசையை முறுக்கிக் காட்டினேன். இன்றைக்கும் நம் வீட்டில் கடவுள் மேஸ்திரிதான். அந்தப் பாஷையில் "தப்பு என்னுடையது" என்பதற்கும் ஒரு சைகை உண்டு. காது மடலைப் பிடித்துக் காட்டவேண்டும். உன் முன்னால் நின்று அதை நான் எப்படிச் செய்வேன், நீயே சொல்.

உனக்கு முன்னால் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். முதல் பையன் பிறக்கும்போதே இறந்துவிட்டான். இரண்டாவது உண்டானபோது, இந்தப் பிள்ளை தங்கினால் காமநாயக்கன்பட்டி மாதா கோயிலுக்கு நடந்தே வருகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். பெண் பிறந்தாள். முப்பதாம் நாள் நடக்கக் கிளம்பினேன். பாதி வழியில் கால் கொப்புளித்து வெடித்துவிட்டது. பின்னால் ஒரு பஸ் வந்தது, கையைக் காட்டி ஏறிவிட்டேன். மாதாவுக்கு என் கால் தெரியாதா என்று மனதுக்குள் ஒரு சமாதானம். நான் திரும்பி வந்த பத்தாம் நாள் அந்தப் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தபடியே போய்விட்டாள். நாற்பது நாள் பிள்ளை. குழியில் வைத்துவிட்டு வந்து உன் அம்மாவிடம், "நான் பஸ் ஏறினேன்ல, அதான்" என்றேன். அவள் இல்லை என்று சொல்லவில்லை. ஒருவேளை அன்றைக்கு அவள் இல்லை என்று சொல்லியிருந்தால் என் புத்தி வேறு மாதிரிப் போயிருக்கும். அவளைக் குறை சொல்லவில்லை. அவளுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

அதனால் நீ பிறந்தபோது நான் வைத்த பொருத்தனை கெட்டியானது. இவனுக்கு ஆறு வயது நிறையட்டும், மூன்று பேரும் தூத்துக்குடியிலிருந்து உவரி வரைக்கும் வெறுங்காலோடு நடந்து வருகிறோம், எந்த வண்டியிலும் ஏறமாட்டோம், அங்கே மொட்டை போட்டு ஓர் இராத் தங்குவோம் என்று சொன்னேன். அதைக் கேட்ட நம் கோயில் சாமியார்கூட, "எதுக்குய்யா இம்புட்டுக் கண்டிசன் போடுதீரு? மனசு இருந்தாப் போதும்" என்றார். எனக்கு மனசின்மேல் நம்பிக்கை இல்லை. மனசு பஸ்ஸைப் பார்த்ததும் கையைக் காட்டிவிடும். காலைத்தான் நம்பினேன்.

உனக்கு ஆறு வயது நிறைந்த கோடை லீவில் கிளம்பினோம். நம் பங்குக் கோயிலிலிருந்து இன்னும் எட்டுப் பேர் சேர்ந்துகொண்டார்கள். கோயில் உபதேசியார்தான் முன்னால் நடந்தார். தூத்துக்குடி மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு தெற்கே திரும்பினோம். சவேரியார் காலத்திலிருந்து சனம் நடக்கிற கரை அது என்று உபதேசியார் சொல்லிக்கொண்டே வந்தார். உப்பளத்தில் கண் கூசும். அதைத் தாண்டினால் பனங்காடு, அதைத் தாண்டினால் ஒரு குப்பம், குப்பத்தில் கடலைப் பார்த்தபடி ஒரு வெள்ளைக் கோயில். ஒவ்வொரு ஊரிலும் யார் வீட்டிலாவது கஞ்சியும் கருவாடும் கொடுத்துவிடுவார்கள். எந்த ஊர், என்ன ஆள் என்று கேட்கமாட்டார்கள். வெறுங்காலைப் பார்த்தாலே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பழையகாயல் தாண்டி ஆற்று முகத்துவாரத்தை வள்ளத்தில்தான் கடக்க முடியும். நான் ஏறமாட்டேன் என்று கரையிலே நின்றுவிட்டேன். "வே, வள்ளத்துக்குச் சக்கரம் இருக்கா? ஏறும்வே" என்று உபதேசியார் சிரித்தார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன். இடுப்புவரை போனதும் இழுப்பு தாங்காமல் திரும்பி வந்து வள்ளத்தில் ஏறினேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ அம்மா இடுப்பில் உட்கார்ந்து கை தட்டிச் சிரித்தாய். அப்போது நீ வாயாடி. ஓயாமல் பேசுவாய். "எப்பா, மீனுக்குக் கால் வலிக்காதுல்லா?" என்று வள்ளக்காரரிடம் கேட்கச் சொன்னாய். அவர், "வலிச்சா அது ஏன்டா கரையேறி வருது" என்று சொல்லி உன் கன்னத்தில் ஈரக்கையை வைத்தார். என்னமோ, அந்த மூன்று நாள்களைப்போல நாம் மூவரும் சந்தோஷமாக இருந்ததில்லை. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும்.

திருச்செந்தூர் தாண்டி ஆலந்தலையில் தங்கிய சாயங்காலம் நீ தலை வலிக்கிறது என்றாய். வெயில் என்று நினைத்தோம். பிறகு வாந்தி எடுத்தாய். உடம்பு அனலாகக் கொதித்தது. நெற்றியில் கோயில் எண்ணெயைத் தடவினேன். "திருச்செந்தூர் பக்கம்தான், ஆஸ்பத்திரியில காட்டிட்டு வருவோம்" என்றாள் உன் அம்மா. திரும்பி நடந்து போயிருக்கலாம், நடப்பதற்கு என் பொருத்தனையில் தடையே இல்லை. ஆனால் பின்னால் போனால் நடை கணக்கில் சேருமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் புத்தி போன போக்கைப் பார். விடிந்ததும் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு தெற்கேதான் நடந்தேன். காலையில் சூடு கொஞ்சம் குறைந்திருந்தது, அந்தோணியார் பார்த்துக்கொள்கிறார் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். நம்மோடு வந்தவர்களை, "நீங்க முன்னால போங்க, புள்ளையத் தூக்கிக்கிட்டு நாங்க மெதுவா வாரோம்" என்று அனுப்பிவிட்டேன். அவர்களுக்கு உனக்குத் தலைவலி என்பது மட்டும்தான் தெரியும்.

மணப்பாட்டில் கோயிலுக்குக் கீழே ஒரு பஸ் நின்றது. உச்சிப்பொழுது. அம்மா உன்னை வாங்கி இடுப்பில் வைத்திருந்தாள், உன் தலை நேராக நிற்கவில்லை. கண்டக்டர் பார்த்துவிட்டு, "ஏறுங்கண்ணாச்சி. புள்ளைக்கு முடியலன்னு பாத்தாலே தெரியுதுல்லா?" என்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் போய்விட்டது. மூன்று மணிக்கு இன்னொரு பஸ் வந்தது. "ஏங்க, உங்க காலைப் பிடிக்கேன், ஏறுவோம். அந்தோணியார் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டார்" என்று அவள் நடுத்தெருவில் அழுதாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏட்டி, பொட்டப்பிள்ளையப் பொதச்சது மறந்துபோச்சா? இவனையும் பொதைக்கணுமா?" என்று கத்தினேன். அந்த பஸ்ஸும் போய்விட்டது. இராத்திரி அங்கேயே தங்கி, மறுநாள் விடியற்காலையில் மறுபடியும் நடந்தோம். அப்போது நீ பேசுவதை நிறுத்தியிருந்தாய். கடவுள்மேல் ஆணையாகச் சொல்கிறேன், நான் உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்தேன்.

பெரியதாழையில் கரையோரம் ஐஸ் போட்டு மீன் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி நின்றது. கூடையோடு போன ஓர் அம்மா எங்களைப் பார்த்து நின்றார். கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து உன் பிடரியில் கை வைத்துப் பார்த்தார். "ஏலே, நீ தகப்பனா, கல்லா? புள்ள கழுத்து வெறச்சுக் கெடக்கு, நீ நடை நடக்கியா? கொன்னுட்டு யாருகிட்டலே போயி முட்டி போடப்போற?" என்று கேட்டு, என் தோளிலிருந்து உன்னைப் பறித்துக்கொண்டார். நானாகக் கொடுக்கவில்லை, அருளப்பா. அந்த அம்மா பறித்தார். அவர் பேர்கூட எனக்குத் தெரியாது. மீன்கூடையை அப்படியே மணலில் போட்டுவிட்டு லாரியின் முன்னால் ஏறி உட்கார்ந்து உன்னை மடியில் போட்டுக்கொண்டார். உன் அம்மாவும் ஏறினாள். ஏறிவிட்டு என்னிடம் கையை நீட்டினாள். டிரைவர் இஞ்சினைப் போட்டுவிட்டார்.

இதுவரைக்கும் சொன்னதை எழுதுவதுகூட எனக்குப் பெரிய பாடாக இல்லை. இனிமேல் எழுதுவதற்குத்தான் கை வரவில்லை, இரண்டு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். நான் அந்த லாரியில் ஏறவில்லை. "நீ போ. நான் முடிச்சிட்டு வாரேன்" என்றேன். உன் அம்மா கையை இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருந்தாள், லாரி நகர்ந்துவிட்டது. என் பிள்ளை சாகக் கிடக்கிறான், நான் உவரியைப் பார்த்து நடந்தேன். அரை நாள் நடை. மணல் சுட்டது, சுடட்டும் என்று நடந்தேன். இப்போது நான் ஏறினால் அவன் போய்விடுவான், நான் நடந்தால் இருப்பான் என்று மனதுக்குள் ஒரே சொல்லாகச் சொல்லிக்கொண்டு நடந்தேன். உவரி போய் மொட்டை போட்டேன். முழங்காலில் நின்றேன். ஓர் இராத் தங்குவதாக நேர்ந்திருந்தேன் இல்லையா, அதனால் தங்கினேன். நீ எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாய், இருக்கிறாயா என்றுகூடத் தெரியாமல் அங்கே பாயில் படுத்திருந்தேன்.

காலையில் லாரிக்காரர் சொல்லியனுப்பியிருந்தார், திசையன்விளையில் பார்த்துவிட்டு நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார்களாம். பொருத்தனைதான் முடிந்துவிட்டதே, நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் போனேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காற்று நன்றாக இருந்தது. மூளைக்காய்ச்சல், உயிர் தப்பிவிட்டது என்றார்கள். மொட்டைத் தலையோடு உன் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று உன் அம்மாவிடம், "பாத்தியாட்டி? நான் நடந்தேன், அவன் பொழச்சான்" என்று நான் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. செத்த நேரம் கழித்து நீ கண்ணைத் திறந்து எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாய். "எம்மா, ஏன் எல்லாரும் குசுகுசுன்னு பேசுதிய?" என்று கேட்டாய். சத்தமாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். நான் உன் தலைக்குப் பின்னால் போய்க் கையைத் தட்டினேன். அடுத்த கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஒன்றரை நாள் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் காது தப்பியிருக்குமா என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். அதையெல்லாம் இப்ப யாரும் சொல்ல முடியாதுங்க" என்றார். "உம்மாலதான் போச்சு" என்று அவர் என்னிடம் அடித்துச் சொல்லியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். இல்லை என்று சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். இரண்டும் இல்லாமல் "இருக்கலாம்" என்று ஒரு சொல்லைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இந்தப் பதினேழு வருஷமாக எனக்குத் தெரியவில்லை.

ஊருக்கு வந்ததும் எல்லாரும் கேட்டார்கள். பெரியதாழையில் காய்ச்சல் கண்டது, உடனே லாரியில் அனுப்பினேன், உனக்காக மிச்ச வழியை நான் நடந்து முடித்தேன், உவரியில் நான் முழங்காலில் நின்ற நேரத்தில் நீ கண் திறந்தாய் என்று சொன்னேன். ஆலந்தலை சாயங்காலத்தையும் மணப்பாட்டு பஸ்ஸையும் அப்படியே உருவி எடுத்துவிட்டேன். உபதேசியார் என்னைக் கோயிலில் சாட்சி சொல்லச் சொன்னார். பீடத்துக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன், பெண்கள் அழுதார்கள். நீ வளர்ந்தபிறகு உனக்கும் அதையே கையால் சொல்லிக்கொடுத்தேன். மேஸ்திரி உன்னைக் காப்பாற்றினார், அப்பா நடந்தார், நீ பிழைத்தாய். ஒவ்வொரு தடவை நான் சொல்லும்போதும் நீ என் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பாய். நான் அதையும் தடுக்காமல் காட்டிக்கொண்டிருந்தேன்.

நம் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்ய எனக்கு வெட்கம். அதனால் ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி வந்து, என்னைத் தெரியாத ஒரு சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இளவயசுக்காரர். "கடவுள் மன்னிச்சிட்டார். மகன்கிட்டக் கேட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். "பொறவு எதுக்கு என்கிட்ட வந்தீங்க?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில், அவர் சொன்ன செபத்தைக்கூடச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். இப்போது வயசாகிவிட்டது. பஞ்சுத் தூசி நெஞ்சில் அடைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. அந்த இளவயசுச் சாமியார் கேட்டதில் என்ன தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

இவ்வளவும் எழுதி உன் அம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். உட்கார்ந்து நிதானமாக வாசித்தாள். நான் என்னைப் பற்றி எழுதியது போதாது என்பாள் என்று எதிர்பார்த்தேன். "மொத பஸ்ஸுல என்னைய விட்டுட்டியளே" என்றாள். எனக்குப் புரியவில்லை. "கண்டக்டர் எனக்குக் கை குடுத்தார். நான் ஒத்தக் காலைப் படியில வச்சிட்டேன். புள்ள என் இடுப்புலதான் கெடந்தான். நீங்க அந்தப் பக்கம் திரும்பி நின்னிய, நீங்க ஒண்ணும் தடுக்கல. நானாத்தான் எறங்குனேன். பாப்பா நெனப்பு வந்துருச்சு. அதையும் எழுதுங்க. அவன் உங்கள மட்டும் வெறுத்தா அது நியாயமில்ல" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னை வெறுக்கிறாள் என்று நினைத்து நான் பதினேழு வருஷம் அவள் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. அவளோ தன்னையே வெறுத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே பாயில். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன், வேறு என்ன செய்ய?

இப்போது உன் பொருத்தனைக்கு வருகிறேன். குழந்தைக்குக் காது கேட்டால் நடக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். கேட்காவிட்டால்? அப்போது நடக்கமாட்டாயா, நன்றி சொல்லமாட்டாயா? காது கேட்கிற பிள்ளைதான் சாமி கொடுத்த பிள்ளை என்று உனக்கு யார் சொன்னது? நான்தான் சொல்லியிருக்கிறேன். வாயால் சொல்லவில்லை, உன்னைப் பார்க்கிறபோதெல்லாம் என் முகம் சொல்லியிருக்கிறது. அது உன்னைப் பார்த்து வந்த துக்கம் இல்லையடா. என்னைப் பார்த்து வந்தது. நீயும் ஜெசிந்தாவும் குறைந்த ஆட்கள் இல்லை, உங்கள் பிள்ளை எப்படிப் பிறந்தாலும் அதுவும் குறைந்தது இல்லை. இதைப் பதினேழு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்கவேண்டிய தகப்பன் இன்றைக்குச் சொல்கிறேன், என்னத்தைச் சொல்ல.

பொருத்தனையை மாற்றிக்கொள்ளலாம், சாமியாரிடம் கேட்டால் வேறு ஏதாவது செய்யச் சொல்வார். மாற்றிக்கொள் என்று உன் காலில் விழுந்து கேட்கிறேன். ஆனால் நீ கேட்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அடியில் கோடு போட்டு எழுதுகிறவன் நீ, அது யாருடைய புத்தி என்றும் தெரியும். உன்னைத் தடுக்க எனக்கு முகமும் இல்லை, பலமும் இல்லை. இதையெல்லாம் வாசித்தபிறகு என் பேச்சை நீ எடுத்துக்கொள்ளவேண்டும் என்று எந்த நியாயமும் இல்லை.

அதனால் நான் ஒரு முடிவு பண்ணியிருக்கிறேன். உன்னோடு நடக்க நான் வரமாட்டேன். நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடியில் செருப்பைக் கழற்றுகிற அன்றைக்கு நான் பஸ்ஸில் ஏறுவேன். பழையகாயலில் இறங்கி நிற்பேன். நீ கடந்து போனதும் அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் காயல்பட்டினத்தில் இறங்கி நிற்பேன். திருச்செந்தூர், ஆலந்தலை, மணப்பாடு, பெரியதாழை, உவரி வரைக்கும் ஒவ்வொரு ஊர் பஸ் நிறுத்தத்திலும் நிற்பேன். உன் அம்மாவும் வருவாளாம், இப்போதுதான் சொன்னாள். நீ எங்களிடம் பேசவேண்டாம், பார்க்கக்கூட வேண்டாம். நீ உன் பொருத்தனையை நட, யாரும் உன்னைத் தடுக்கமாட்டோம். பிள்ளையின் உடம்பு லேசாகச் சுட்டால் மட்டும் அதை எங்கள் கையில் கொடுத்துவிடு, நாங்கள் ஏறிவிடுவோம்.

இப்படிக்கு,
அப்பா